கோடெக்கில் உள்ள லிமிட்டரை பைபாஸ் செய்யலாமா?

கேள்வி

எங்கள் கல்லூரி வளாகச் சமுதாய வானொலியில், ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து டிரான்ஸ்மிட்டர் அறைக்கு ஐ.பி. கோடெக் (ஒலியை டிஜிட்டல் தரவாக்கி வலையமைப்பில் கடத்தும் கருவி) வழியாக ஒலியை அனுப்புகிறோம். கோடெக்கின் உள்ளீட்டில், ஒலி குறிப்பிட்ட அளவைத் தாண்டாமல் அடக்கும் லிமிட்டர் ஒன்று இருக்கிறது. டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால், ஒலிபரப்புக்கு ஏற்ப ஒலியைச் சீராக்கும் ஆடியோ பிராசசர் ஒன்றும் தனியாக உள்ளது. நாகஸ்வரக் கச்சேரி ஒலிபரப்பாகும்போது தவிலின் ஒவ்வொரு பலத்த அடிக்கும் கோடெக்கின் சிவப்பு விளக்கு எரிகிறது. அந்தக் கணமே நாகஸ்வரம் அமுங்கி, பிறகு மெல்ல மேலெழுவது வானொலிப் பெட்டியில் தெளிவாகக் கேட்கிறது. லிமிட்டரை பைபாஸ் செய்து, ஒலி அதன் வழியே செல்லாமல் விலக்கினால், அனுமதிக்கப்பட்ட டீவியேஷனை (ஒலிக்கேற்ப ஒலிபரப்பு அதிர்வெண் விலகும் அளவை) தாண்டிவிடுவோமோ என்ற அச்சத்தால் அதைத் தொடாமல் இருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

தங்கள் அச்சம் நியாயமானது. எனினும் 75 கிலோஹெர்ட்ஸ் என்ற டீவியேஷன் வரம்பைக் காப்பது கோடெக்கின் லிமிட்டர் அன்று. நம் நாட்டுப் பண்பலையில் பயன்படும் 50 மைக்ரோவினாடி ப்ரீ-எம்ஃபசிஸ் (ஒலிபரப்புக்கு முன் உயர் அதிர்வெண்களை ஏற்றும் முறை), ஏறத்தாழ 3.2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை உயர்த்திக்கொண்டே சென்று, 15 கிலோஹெர்ட்ஸில் சுமார் 13.7 டெசிபெல் கூட்டிவிடுகிறது. இந்த உயர்வு கோடெக்கைக் கடந்த பின்னரே நிகழ்வதால், அதன் சிவப்பு விளக்கு எரியாத வேளையிலும் செய்தி வாசிப்பவர் அழுத்திச் சொல்லும் ஒரு ‘ஸ்’ வரம்பை மீறக்கூடும். அதைக் கணக்கில் கொண்டு அடக்க வேண்டியது பிராசசரின் கடைசி லிமிட்டரே.

கோடெக்கில் இருப்பது டிஜிட்டல் உச்சமான 0 டிபிஎஃப்எஸ்ஸைத் தொடாமல் காக்க மட்டுமே. கூடத்திலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் தொனியை வழக்கமான அளவில் அனுப்பி, கோடெக்கின் மீட்டர் −18 காட்டும்படி உள்ளீட்டைக் குறைத்துவிட்டால், தவிலுக்குப் போதிய இடம் கிடைத்துவிடும். அதன்பின் பைபாஸ் செய்யலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதே கோடெக்கைத் தேர்த்திருவிழா நேரடி வருணனைக்கு எடுத்துச் செல்வதாக இருந்தால், அங்கே லிமிட்டரை இயக்கியே வையுங்கள். மைக்கின் அருகில் ஒரு வேட்டு வெடித்தால் எந்தக் கையும் அந்த வேகத்தில் ஒலியளவைக் குறைக்கும் ஃபேடரை இறக்க முடியாது. லிமிட்டர், ஒலியை டிஜிட்டலாக்கும் மாற்றிக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதையும் கையேட்டில் பாருங்கள். மாற்றியிலேயே வெட்டுப்பட்ட அலையை அதற்குப் பின்னால் உள்ள எந்த லிமிட்டராலும் மீட்க இயலாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தொனியை அனுப்பிப் பார்த்தபோது மீட்டர் −6 காட்டியது. தவறு அங்கேதான் இருந்திருக்கிறது. அதை −18க்கு இறக்கி, குறைந்த 12 டெசிபெல்லைப் பிராசசரின் உள்ளீட்டில் ஈடுசெய்து, லிமிட்டரை பைபாஸ் செய்தேன். அதே கச்சேரியை மீண்டும் ஒலிக்கவிட்டதில் தவிலின் உச்சம் −5ஐத் தாண்டவில்லை, டீவியேஷனும் வரம்புக்குள்ளேயே நின்றது. நாகஸ்வரம் இப்போது அமுங்காமல் ஒலிக்கிறது.