ஆலிவர் ஓசி-3 செயின் டிராக்டரில் ஃபோக்ஸ்வேகன் கார் டீசல் இன்ஜின்: போடலாமா, கூடாதா?

காணிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் ஒன்டாரியோவில் எங்கள் காணியில் ஒரு பழைய ஆலிவர் ஓசி-3 நிற்கிறது. 1950களில் வந்த சின்ன கிராலர், முன்னால் பிளேடு உண்டு. இன்ஜின் ஹெர்குலிஸ் ஐஎக்ஸ்பி-3, நாலு சிலிண்டர் பெட்ரோல், கிட்டத்தட்ட 2.2 லிட்டர். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீரை இறக்காமல் விட்டுவிட்டார். தண்ணீர் உறைந்து, பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு சாணுக்கு மேல் விரிசல். கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், செயின், ரோலர் எல்லாம் நன்றாக இருக்கின்றன.

என்னிடம் பழைய ஃபோக்ஸ்வேகன் ஜெட்டாவின் 1.6 டீசல் இன்ஜின் ஒன்று சும்மா கிடக்கிறது. டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, டீசலைப் பீய்ச்சுவது பாஷ் விஇ பம்ப். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட் அடித்து இதை ஓசி-3இல் ஏற்றலாம் என்று நினைக்கிறேன். காட்டுப் பாதையைச் சமன் செய்வது, அடிமரம் தோண்டுவது, பனி தள்ளுவது, இவைதான் வேலை. செய்யலாம் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள்.

பழைய இரும்பு:
வேண்டாம் தம்பி. முதலில் அந்த விரிசலைப் பாருங்கள். ஹெர்குலிஸ் ஐஎக்ஸ் வரிசை பக்கவாட்டு வால்வு இன்ஜின். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வெளி நீர்ச்சுவரில்தான் வெடித்திருக்கிறது, சிலிண்டருக்குள் இல்லை. வார்ப்பிரும்பில் வரும் விரிசல்களிலேயே சுலபமாகச் சரிசெய்யக்கூடியது இதுதான். வெல்டிங் வேண்டாம், சூடு வேண்டாம். விரிசலின் இரு முனையிலும் துளை போட்டு அது நீளாமல் நிறுத்திவிட்டு, நடுவில் ஒன்றோடொன்று கோத்த மரைத் திருகுகளை இறக்கி, தட்டி, சமனாக ராவிவிடுவார்கள். ஒழுங்காகச் செய்தால் பிளாக் ஆயுளுக்கும் தாங்கும்.

அந்த வண்டியின் பிறப்பையும் யோசியுங்கள். ஓசி-3 என்பது கிளெட்ராக் வழி வந்தது. கிளெட்ராக் செய்த கிளீவ்லாந்து டிராக்டர் கம்பெனியை ஆலிவர் 1944இல் வாங்கிய பிறகு ஆலிவர் பெயரில் வந்தது. ஒரு பக்கத்துக் கிளட்சைக் கழற்றிவிட்டுத் திருப்பும் வண்டி இல்லை இது. கண்ட்ரோல்டு டிஃபரென்ஷியல், திரும்பும்போதும் இரண்டு செயினுக்கும் சக்தி போய்க்கொண்டே இருக்கும். அப்படி ஒரு அமைப்பை அதன் சொந்த இன்ஜினோடு ஓடவைப்பதுதான் மரியாதை. ஹெர்குலிஸ் கம்பெனி ஊருக்கெல்லாம் இன்ஜின் விற்றது, அதனால் மாற்றுப் பிளாக் தேடினாலும் கிடைக்கும்.

லேத் பட்டறை:
ஐயா, மரியாதை எல்லாம் சரி. ஆனால் வண்டி வேலை செய்ய வேண்டும், அவர் அதை மியூசியத்தில் வைக்கப் போவதில்லை. டிராக்டருக்கு வேறு இன்ஜின் போடுவது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. ஃபோர்ட்சன் மேஜர் ஈ27என் டிராக்டருக்கு 1940களின் கடைசியிலேயே பெர்கின்ஸ் பி6 டீசல் போட்டு வந்தது. பெர்கின்ஸ் பி3 இன்ஜினை ஃபெர்கூசன் டிஈ20இல் ஏற்ற மாற்றுக் கிட்டே விற்றார்கள். அந்த ஃபெர்கூசனின் பெட்ரோல் இன்ஜின் ஸ்டாண்டர்டு வான்கார்டு காரோடு பொதுவானது. பிறகு ஃபெர்கூசனுக்காகச் செய்த டீசல் இன்ஜினையே 1954இல் வான்கார்டு காருக்குள் வைத்து, பிரிட்டனின் முதல் டீசல் கார் என்று விற்றார்கள். நம் ஊரில் மஹிந்திரா ஜீப்பில் பல வருஷம் ஓடியது இன்டர்நேஷனல் டிராக்டர் வழி வந்த டீசல்தான்.

காருக்கும் டிராக்டருக்கும் நடுவில் சுவர் இருப்பது போலப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். பெட்ரோல் ஹெர்குலிஸ் குடிப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே டீசலில் வேலை முடியும். போடுங்கள் தம்பி.

பழைய இரும்பு:
நீங்கள் சொன்ன எல்லாமே டிராக்டர் சுற்றில் ஓடும்படி செய்த இன்ஜின்கள். பி6, பி3 இரண்டும் லாரிக்கும் வயலுக்கும் என்றே வார்த்தவை. டிராக்டர் இன்ஜினைக் காரில் வைத்தால் கார் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். கார் இன்ஜினை டிராக்டரில் வைத்தால் டிராக்டர் இழுக்காது. இரண்டும் ஒன்றல்ல.

கணக்கைப் பாருங்கள். ஹெர்குலிஸ் நிமிடத்துக்கு 1700 சுற்றை ஒட்டி ஓடும் இன்ஜின், பிஸ்டன் ஓட்டம் 4 அங்குலம். ஃபோக்ஸ்வேகன் 1588 சிசி, ஓட்டம் 86.4 மில்லிமீட்டர். 54 குதிரைத்திறன் என்று போட்டிருப்பது 4800 சுற்றில். 1700 சுற்றில் 95 நியூட்டன் மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 23 குதிரைத்திறன்தான் வரும். கூடுதலாக வேண்டும் என்று 2400 சுற்றுக்கு ஏற்றினால் 34 வரும், சரி. ஆனால் வண்டி ஒவ்வொரு கியரிலும் 40 சதவீதம் வேகமாக ஓடும். பிளேடு வேலைக்கு அது ஆகாது. செயின் பின்னும் புஷ்ஷும் சுற்றுக்கு ஏற்பத் தேய்ந்துகொண்டே போகும். ஓசி-3க்கு இப்போது அவற்றை எங்கே தேடுவீர்கள்?

பம்ப் ரூம்:
இரண்டு பேரும் குதிரைத்திறனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். வண்டியைக் காட்டில் நிறுத்தப் போவது குதிரைத்திறன் இல்லை, பம்புக்குள் இருந்து சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர். டீசல் பம்ப் வேலையே என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டிராக்டரில் கைலிவரை ஓர் இடத்தில் வைக்கிறோம். அதன் அர்த்தம், “இந்தச் சுற்றில் ஓடு” என்பது. சுமை ஏறினால் கவர்னர் தானே டீசலைக் கூட்டும், சுமை இறங்கினால் தானே குறைக்கும். ஓட்டுகிறவர் லிவரைத் தொடவே வேண்டாம். கார் பம்ப் பெரும்பாலும் அப்படி இல்லை. ஐடிலையும் மேல் வரம்பையும் மட்டும் கவர்னர் பார்த்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் சுற்றெல்லாம் ஓட்டுநரின் காலைப் பொறுத்தது. பெடலை எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு டீசல். சாலையில் அதுதான் சுகம். சுமை மாறுவதைக் காலே உணர்ந்து சரிசெய்துவிடும்.

இப்போது அந்தப் பம்பை டோசரில் வைத்துப் பாருங்கள். லிவரை 1800 சுற்றுக்கு வைத்துவிட்டு இரண்டு கையும் ஸ்டியரிங் லிவரில், பிளேடில். பிளேடு ஒரு மரவேரைக் கவ்வுகிறது. சுற்றுமானி ஊசி 1800, 1500, 1200 என்று இறங்கும், பம்ப் அதே அளவு டீசலைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கும். கை லிவருக்குப் போவதற்குள் இன்ஜின் நின்றுவிடும். வேர் பட்டென்று அறுந்தால் நேர் எதிர்: சுமை போய்விடும், டீசல் குறையாது, இன்ஜின் உறுமிக்கொண்டு மேல் வரம்பு வரைக்கும் ஓடும், வண்டி முன்னால் பாயும். சரிவில் வேலை செய்கிறவருக்கு இது உயிர் விஷயம். ஐயா சொன்ன கண்ட்ரோல்டு டிஃபரென்ஷியலும் இதோடு சேர்கிறது. திரும்பும்போதெல்லாம் பிரேக் பேண்டு இறுகி இன்ஜின் மேல் சுமை ஏறும், அதாவது ஒவ்வொரு திருப்பத்திலும் சுற்று விழும்.

ஆகவே என் பதில்: இந்த இன்ஜினைப் போடலாம், இந்தப் பம்போடு போடக்கூடாது. விஇ பம்பிலேயே எல்லாச் சுற்றுக்கும் கவர்னர் உள்ள வகை உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே ஸ்பிரிங்கும் லிவர் அமைப்பும் வேறு. உங்கள் கையில் இருப்பதைப் பெஞ்சில் ஏற்றிப் பார்க்காமல் எந்த வகை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

லேத் பட்டறை:
பம்ப் ரூம் சொன்ன கவர்னர் விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை.

ஐயாவின் இழுவைக் கணக்கில்தான் மறுப்பு இருக்கிறது. கிராலர் எவ்வளவு இழுக்கும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது அதன் எடையும் மண்ணில் செயினின் பிடிப்பும். முதல் கியரில் பிளேடை முட்டவைத்தால் ஹெர்குலிஸே செயினை வழுக்கவைத்துவிடும். அந்த எல்லையைத் தொட 23 குதிரைத்திறன் போதும். மூன்றாம் கியரில் மேடு ஏறும்போது ஃபோக்ஸ்வேகன் மூச்சு வாங்கும், உண்மைதான். ஒரு கியர் இறக்கிக்கொள்ளலாம். இன்னொரு நல்லதும் இருக்கிறது. பெரிய டர்போ டீசலைப் போட்டால் செயினைச் சுற்றும் ஃபைனல் டிரைவ் பல் உடையும் என்ற பயம் இருக்கும், இதில் அது இல்லை.

தம்பி, நீங்கள் கவலைப்பட வேண்டியது அடாப்டர் பிளேட்டைத்தான். பிளேட்டை வெட்டுவது பெரிய வித்தை இல்லை, கிராங்க் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் மையமும் ஒரே கோட்டில் வருவதுதான் வேலை. கண்ணால் பார்த்து, பழைய துளைகளைக் காகிதத்தில் அச்செடுத்து அடித்த பிளேட்டுகள் நிறைய என் பட்டறைக்குத் திரும்பி வந்திருக்கின்றன, ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் பொடியாகி, கிளட்ச் தட்டின் நடுப்பகுதி கிழிந்து. செய்ய வேண்டியது இது: பிளேட்டையும் பெல் ஹவுசிங்கையும் (கிளட்சை மூடும் கூடு) இன்ஜினில் மாட்டுங்கள். சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜின் காந்த அடியை ஃப்ளைவீலில் ஒட்டவையுங்கள். முள் ஹவுசிங்கின் நடுத்துளைச் சுவரைத் தொட வேண்டும். கிளோ பிளக்கை (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்குவது) கழற்றிவிட்டு, ஸ்பானரால் கிராங்கை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் மொத்தமாக 0.13 மில்லிமீட்டருக்குள் ஆடினால் நல்லது, 0.25ஐத் தாண்டினால் கழற்றி நகர்த்த வேண்டும். அப்புறம் முள்ளை ஹவுசிங் முகத்துக்கு மாற்றி அதே சுற்று. அது சாய்வைக் காட்டும். இரண்டும் சரியான பிறகுதான், பிளேட்டை நகராமல் பிடிக்கும் டவல் பின்னுக்குத் துளை. அதற்கு முன்னால் டவல் போடவே கூடாது.

கிளட்ச் தட்டு நடுவில் ஸ்பிரிங் உள்ளதாக இருக்கட்டும். சின்ன டீசலின் அடி குறைந்த சுற்றில் பெட்ரோலைவிட முரட்டுத்தனமாக இருக்கும்.

பனிக்கரடி:
நான் கனடாவில் கனரக வண்டி மெக்கானிக். எந்தப் பக்கமும் சேரவில்லை, மூன்றே விஷயம். ஒன்று, கார் ரேடியேட்டர் காற்று முகத்தில் அடிக்கும் என்று நம்பிச் செய்தது. டோசர் நடைவேகத்தில் நாள் முழுக்க முழுச் சுமையில் நிற்கும். ஓசி-3இன் சொந்த ரேடியேட்டரையே வைத்துக்கொள்ளுங்கள், பெல்ட் ஃபேன் போடுங்கள், கார் எலக்ட்ரிக் ஃபேனை நம்பாதீர்கள். இரண்டு, இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட். மூடியின் ஓரத்தில் மண்ணும் சுள்ளியும் நுழைந்து பெல்ட் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டும், ஹெட் போச்சு. மூடியை ரப்பர் வைத்து அடையுங்கள், காற்று ஃபில்டரும் காருடையதைவிடப் பெரியதாக வேண்டும். மூன்று, பழைய வண்டி 6 வோல்ட். கிளோ பிளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் 12 வோல்ட்டுக்கு மாற வேண்டும். இங்கே மைனஸ் 20இல் பிளாக் ஹீட்டர் இல்லாமல் இந்த டீசல் கண் திறக்காது.

பழைய இரும்பு:
பட்டியல் எங்கே போகிறது என்று எல்லோரும் பாருங்கள். பம்ப் மாற்று, பிளேட் வெட்டு, கிளட்ச் தட்டு மாற்று, ஃபேன் மாற்று, 12 வோல்ட்டுக்கு மாற்று, பெல்ட்டை மூடு, ஹீட்டர் போடு. சும்மா கிடந்த இன்ஜின் என்று ஆரம்பித்தது, இப்போது அதைச் சுற்றி வாங்குவதும் செய்வதும் விரிசல் அடைக்கும் கூலியைத் தாண்டிவிட்டது. ஹெர்குலிஸ் பிளாக்கை அடைத்து, ரிங்கும் வால்வும் பார்த்து, கார்புரேட்டரைத் துடைத்து வைத்தால் இதே வண்டி இந்தக் குளிர்காலத்துக்குள் பனி தள்ளும். பெட்ரோல் கூடக் குடிக்கும்தான். வருஷத்தில் சில வாரம் ஓடும் வண்டிக்கு அந்த மிச்சம் எத்தனை வருஷத்தில் திரும்பி வரும்?

லேத் பட்டறை:
விரிசல் வெளியில் மட்டும்தான் என்று நீங்களும் நானும் பார்க்கவில்லை ஐயா. வெளியே ஒரு சாண் வெடித்த பிளாக் உள்ளே வால்வு இருக்கைப் பக்கமும் வெடித்திருக்கலாம். பிரஷர் டெஸ்ட் செய்யாமல் “சுலபம்” என்று சொல்லக்கூடாது.

பழைய இரும்பு:
ஒப்புக்கொள்கிறேன், டெஸ்ட் முதலில். ஆனால் டெஸ்ட் செய்வதற்கு முன்னால் பெல் ஹவுசிங்கில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடக்கூடாது என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த இன்ஜின் வந்தாலும், பழையது திரும்பிப் போகும்படி இருக்க வேண்டும்.

காணிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கவர்னர் பற்றிச் சொன்னதை நான் யோசித்திருக்கவே இல்லை. எங்கள் காணியில் பாதி ஓடைக்கரைச் சரிவு. இரண்டு கேள்வி. பம்பை மட்டும் மாற்றுவதா, முழு இன்ஜினையே வேறு தேடுவதா? பிளேடின் ஹைட்ராலிக் பம்பை இப்போது கிராங்க் முன்பக்கத்திலிருந்து ஓட்டுகிறேன், ஃபோக்ஸ்வேகனில் அது முடியுமா?

பம்ப் ரூம்:
ஹைட்ராலிக் பம்பைக் கிராங்க் மூக்கில் நேராக மாட்டாதீர்கள். அந்த மூக்கு டைமிங் பல்சக்கரத்தைத் தாங்கத்தான் செய்தது, அங்கே போல்ட் தளர்ந்தால் டைமிங்கே போய்விடும். தனி பிராக்கெட் வைத்துப் பெல்ட்டில் ஓட்டுங்கள்.

இன்ஜினுக்கு: ஃபோர்க்லிஃப்ட் உடைக்கும் யார்டுகளில் தேடுங்கள். லிண்டே ஃபோர்க்லிஃப்ட்களில் ஃபோக்ஸ்வேகன் டீசல் வந்திருக்கிறது. தொழிற்சாலை வேலைக்கென்று செய்தவை, கவர்னரும் அதற்கேற்றது. நீங்கள் அடிக்கும் அடாப்டர் பிளேட் வீணாகாமல் இருக்க, பின்பக்க போல்ட் வரிசை உங்கள் 1.6ஓடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் அங்கேயே பிளேட்டை வைத்துப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் 1970களின் நடுவில் வந்த மெர்சிடிஸ் 240டி காரின் ஓஎம்616. 2.4 லிட்டர், டைமிங் செயின், 2400 சுற்றில் 137 நியூட்டன் மீட்டர். அந்தக் காலத்து வகையில் கவர்னர் காற்று உறிஞ்சலால் வேலை செய்வது, நடுச் சுற்றுகளையும் பிடித்து நிற்கும். நம் ஊர் டெம்போ டிராவலரில் ஓடியதும் இதே குடும்பம்தான். கனம் அதிகம், கிராலருக்குக் கனம் கெடுதல் இல்லை.

பழைய இரும்பு:
ஓஎம்616 ஃபோக்ஸ்வேகனைவிட நீளம். ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டி வரும், அப்புறம் பிளேடின் கைகள் இடிக்கும். அளந்துவிட்டு வாங்குங்கள். என் கருத்து மாறவில்லை, ஹெர்குலிஸ்தான்.

காணிக்காரன்:
ஹெர்குலிஸ் பிளாக்கை இந்த வாரம் பிரஷர் டெஸ்டுக்கு அனுப்புகிறேன். வால்வு இருக்கைப் பக்கம் நல்லதாக வந்தால் ஐயா சொன்னபடி அடைத்து ஓட்டுவேன். உள்ளேயும் வெடித்திருந்தால் ஃபோர்க்லிஃப்ட் இன்ஜின், பெல் ஹவுசிங்கில் துளை போடாமல். லேத் பட்டறை அண்ணா, அப்படி வந்தால் பிளேட் எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் அடிக்க வேண்டும், இரும்பா அலுமினியமா என்று சொல்லிவிடுங்கள்.

லேத் பட்டறை:
இரும்பு. கனத்தை இப்போதே சொல்ல முடியாது. இன்புட் ஷாஃப்ட் நுனி பைலட் பேரிங்குக்குள் எவ்வளவு போகிறது என்பதை வைத்துத்தான் கனம் வரும். ஹவுசிங் முகத்திலிருந்து ஷாஃப்ட் நுனி வரை ஒரு அளவு, இன்ஜின் முகத்திலிருந்து ஃப்ளைவீல் முகம் வரை ஒரு அளவு, இரண்டையும் வெர்னியரில் எடுத்து இங்கே போடுங்கள்.