வாஷிங் மெஷின் ஆன் ஆகவே இல்லை, உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போயிருக்கும் என்கிறார்கள். வேறு எதைப் பார்க்கலாம்?

கேள்வி:
வணக்கம். எங்கள் ஃப்ரண்ட் லோடு மெஷின் நேற்று வரை நன்றாக ஓடியது. இன்று பவர் பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளே இருட்டு, பீப் சத்தம்கூட இல்லை. பிளக் பாயிண்டில் டெஸ்டர் வைத்தால் நன்றாக எரிகிறது, எம்சிபியும் (ட்ரிப் ஸ்விட்ச்) விழவில்லை. சர்வீஸுக்கு போன் செய்தால் மெஷினைப் பார்க்காமலே போர்டை மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கைக்குழந்தை இருக்கும் வீடு, துணி குவிந்துகொண்டே போகிறது. சரி என்று சொல்வதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

பதில் (வயரிங் வேலை செய்பவர்):
டெஸ்டர் எரிவதை மட்டும் நம்பாதீங்க. பேஸ் (கரண்ட் வரும் வயர்) வருகிறதா என்று மட்டும்தான் அது காட்டும், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) அறுந்து கிடந்தாலும் அதே மாதிரிதான் எரியும். அதே பாயிண்டில், நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இல்லாமல், அயர்ன் பாக்ஸைப் போட்டு நன்றாகச் சூடாகிறதா பாருங்க. செல்போன் சார்ஜர் போட்டுப் பார்க்க வேண்டாம், அது இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால் லூசான இணைப்பில்கூட வேலை செய்துவிடும்.

பதில் (எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்பவர்):
அதையும் பாருங்க, ஆனால் கரண்ட் போய்த் திரும்பி வந்த நேரத்தில் நின்றிருந்தால் எனக்கு உள்ளேதான் சந்தேகம். வோல்டேஜ் எகிறும்போது போர்டில் உள்ள வேரிஸ்டர் (அதிக வோல்டேஜிலிருந்து போர்டைக் காக்கும் சின்ன பாகம்) அந்த அடியை வாங்கிக்கொண்டு வெடித்து, கூடவே ஃபியூஸும் போகும், இந்த இரண்டோடு நின்றிருந்தால் முழு போர்டையும் மாற்றத் தேவையில்லை. பவர் கார்டு, அடுத்து நாய்ஸ் ஃபில்டர் (கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்டும் பாகம்), அப்புறம் போர்டு என்று கரண்ட் போகும் வழியிலேயே மல்டிமீட்டரால் பார்த்துக்கொண்டு போனால் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். எலி கடித்த வயரையும் தேடுங்க. வாரண்டி இருந்தால் திறக்காதீங்க. திறப்பதானால் பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் விட்டுத் திறங்க, ஃபில்டரில் உள்ள கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கலாம். போன ஃபியூஸுக்குப் பதில் வயரைச் சுற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், தீப்பிடித்துவிடும்.

இன்னொருவர்:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும், என் மெஷினில் லைட் எல்லாம் வருகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. இதுவும் அதேதானா?

பதில் (எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்பவர்):
இல்லைங்க, அது வேறு. லைட் வந்தால் கரண்ட் போர்டு வரைக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம். சைல்டு லாக், டிலே ஸ்டார்ட் இரண்டும் ஆனில் இருக்கிறதா பாருங்க, கதவை அழுத்தி மூடும்போது லாக் விழும் 'டக்' சத்தம் வருகிறதா என்றும் கேளுங்க. வரவில்லை என்றால் முதலில் டோர் லாக்கைச் சோதிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
அயர்ன் பாக்ஸ் அந்தப் பாயிண்டில் சூடாகவே இல்லை! வேறு அறையில் போட்டால் சூடாகிறது. ஆனால் டெஸ்டர் இன்னும் எரிகிறதே?

பதில் (வயரிங் வேலை செய்பவர்):
அப்படியானால் நியூட்ரல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். முதலில் அந்தப் பாயிண்டுக்குப் போகும் எம்சிபியை இறக்கிவிட்டு மெஷின் பிளக்கைக் கழற்றி வையுங்க. மெஷின் செத்த மாதிரி இருக்கிறதே என்று யாரும் உள்ளே கை வைத்துவிடக் கூடாது, நியூட்ரல் இல்லாவிட்டாலும் பேஸ் மெஷினுக்குள் வந்து நிற்கும். போர்டு ஆளைக் கூப்பிடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பாயிண்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க.

கேள்வி கேட்டவர்:
எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டார். நீங்கள் சொன்னதுதான், நியூட்ரல் ஸ்க்ரூ தளர்ந்து வயர் முனை கருகிப் போயிருந்தது. கருகியதை வெட்டிவிட்டுப் புது சாக்கெட் போட்டார், மெஷின் உடனே ஆன் ஆனது, துணியும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் எல்லோருக்கும் மிக்க நன்றி. மெஷின் பிளக்கில் ஒரு பின் மட்டும் பழுப்பாக இருக்கிறது, அப்படியே விடலாமா?

பதில் (வயரிங் வேலை செய்பவர்):
விடாதீங்க, முடிந்தால் இப்போதே நிறுத்திவிட்டு பிளக்கை மாற்றிவிடுங்க. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் 2000 வாட் என்று வைத்தால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் அந்தப் பின் வழியாகத்தான் போக வேண்டும். கருகிய பின் சரியாகப் பிடிக்காது, அது சூடாகிப் புது சாக்கெட்டையும் கெடுத்துவிடும். பின்னோடு கார்டும் விறைத்துப் போயிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்க. மாற்றியபின் ஒருமுறை சூடுதண்ணீரில் ஓடவிட்டு, முடிந்ததும் பிளக்கின் மேல்புறத்தைத் தொட்டுப் பாருங்க, லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் எம்சிபியை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிடுங்க.