ஊரடங்கு போடாத ஸ்வீடன்தான் ஜெயித்ததா? ஐரோப்பாவில் கொரோனாவை யார் ஒழுங்காகச் சமாளித்தார்கள்?

வடகரையான் கேட்டது:

வீட்டில் பெரிய வாக்குவாதம். ஸ்வீடன் ஊரடங்கே போடவில்லை, கடைசியில் கணக்குப் பார்த்தால் ஐரோப்பாவிலேயே சாவு குறைந்த நாடுகளில் அதுவும் ஒன்று, மற்ற நாடுகள் ஜனங்களை வீணாக வீட்டில் அடைத்துப்போட்டன என்கிறார் மச்சான். எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. 2020 ஜூன் கடைசியில் ஸ்வீடனில் 5,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள், அதில் பாதி ஜனத்தொகை உள்ள நார்வேயில் 250 அளவில்தான். அந்த வருட டிசம்பரில் ஸ்வீடன் மன்னரே நாம் தோற்றுவிட்டோம் என்று டிவியில் சொன்னார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? முதலில் பெல்ஜியம்தான் மோசம் என்றார்கள், அப்புறம் பல்கேரியா என்றார்கள். எந்தக் கணக்கை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கட்சிச் சண்டை வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

இரண்டுமே உண்மைதான், பார்க்கும் தேதி வேறு. முதலில் அரசுகள் தினமும் அறிவித்த 'கொரோனா சாவு' எண்ணிக்கையை ஒதுக்கி வையுங்கள், அதை வைத்து நாட்டுக்கு நாடு ஒப்பிடவே முடியாது. பெல்ஜியம் முதியோர் இல்லங்களில் டெஸ்ட் எடுக்காமல் இறந்தவர்களையும், கொரோனாவாக இருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரில் சேர்த்து எண்ணியது, அதனால்தான் பட்டியலில் உச்சிக்குப் போனது. இங்கிலாந்தோ 2020 ஏப்ரல் கடைசி வரை தினசரி அறிக்கையில் ஆஸ்பத்திரிச் சாவை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது. நேர்மையாக எண்ணிய நாட்டுக்குக் கெட்ட பெயர் வந்ததுதான் மிச்சம்.

அதனால் கூடுதல் இறப்பைப் பாருங்கள். வழக்கமாக ஒரு வருடத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த வருடம் எத்தனை பேர் இறந்தார்கள், இடையில் உள்ள வித்தியாசம். இதிலும் சிக்கல் உண்டு, 'வழக்கமாக' என்பதை எதை வைத்து முடிவு செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டில் ஜெர்மனி பிரிட்டனை விட மோசம் என்று வந்தது, ஜெர்மனிக்கு 'வழக்கமாக' என்று எடுத்த அடிப்படைக் கோடு சரியில்லை என்று ஆய்வாளர்கள் சொன்னபிறகு அதைத் திருத்தினார்கள். ஸ்வீடனில் 2019இல் சாவு வழக்கத்தை விடக் குறைவு, அதனால் 2020ஐ அதோடு மட்டும் ஒப்பிட்டால் ஏற்றம் பயங்கரமாகத் தெரியும், பல வருட சராசரியோடு வைத்தால் அவ்வளவு இல்லை.

2020 முதல் 2022 வரை மூன்று வருடத்தையும் கூட்டினால் உங்கள் மச்சான் சொல்வது சரி, ஸ்வீடன் குறைந்த நாடுகளில் ஒன்றுதான். ஆனால் கூடவே நார்வேயும் டென்மார்க்கும் இருக்கின்றன, அவை இரண்டும் 2020 மார்ச்சிலேயே பள்ளிகளை மூடிய நாடுகள். நார்வேயில் கூடுதல் இறப்பு பெரும்பாலும் 2022இல்தான் வந்தது, அதாவது முதியவர்களுக்குத் தடுப்பூசி போட்டு முடித்த பிறகு. அந்த இரண்டு வருட அவகாசத்தை ஒன்றுமில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

ஸ்டாக்ஹோம் தமிழ்:

நான் இங்கே முதியோர் பராமரிப்பில் வேலை பார்க்கிறேன். 'ஸ்வீடன் ஒன்றும் செய்யவில்லை' என்று இரண்டு பக்கத்தாரும் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. 2020 மார்ச் கடைசியில் 50 பேருக்கு மேல் கூடத் தடை, மேல்நிலைப் பள்ளியும் பல்கலைக்கழகமும் வீட்டிலிருந்தே, நவம்பரில் அந்த 50ஐ 8 ஆக்கினார்கள். இங்கே உடம்பு சரியில்லை என்று லீவு போட்டால் முதல் நாளுக்குச் சம்பளம் பிடிப்பார்கள், மார்ச் மாதமே அந்தப் பிடித்தத்தை அரசு தானே ஏற்றுக்கொண்டது. லேசான இருமலோடு வேலைக்கு வருகிற ஆளை வீட்டில் உட்காரவைக்க அதைவிட நல்ல வழி இல்லை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பள்ளிகள் பெரும்பாலும் திறந்தே இருந்தன. ஸ்பெயினில் அதே வசந்தத்தில் ஆறு வாரம் பிள்ளைகள் வாசலைத் தாண்டவே முடியாது, இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, தோற்றது எங்கே? முதியோர் இல்லங்களில். மணிக்கணக்குக் கூலிக்கு ஆள் எடுப்பதுதான் இங்கே வழக்கம். காலையில் போன் வரும், இன்றைக்கு இந்த வீட்டில் ஆள் குறைகிறது வா என்பார்கள், சாயங்காலம் இன்னொரு இல்லம். ஒரே ஆள் நாலைந்து கட்டிடங்களுக்கு நோயைக் கொண்டுபோக இதைவிட என்ன வேண்டும்? முகக்கவசம் தட்டுப்பாடு வேறு. வெளியார் வந்து பார்க்க நாடு முழுவதும் தடை ஏப்ரல் 1இல்தான் வந்தது, அதற்குள் ஸ்டாக்ஹோமில் பரவி முடிந்துவிட்டது. அரசு அமைத்த விசாரணைக் குழுவின் டிசம்பர் அறிக்கையும் இதைத்தான் சொன்னது: முதியோர் பராமரிப்பில் பல காலமாகத் தெரிந்த குறைகள், யாரும் சரிசெய்யவில்லை.

அப்புறம் அதிர்ஷ்டம். பிப்ரவரி கடைசி வாரம் ஸ்டாக்ஹோம் பள்ளிகளுக்குக் குளிர்கால லீவு, பலர் ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கப் போய் நோயோடு திரும்பினார்கள். தெற்கே உள்ள மால்மோ பகுதிக்கு லீவு அதற்கு முந்தைய வாரம், அங்கே முதல் அலை லேசாகத்தான் வந்தது. ஆனால் ஸ்டாக்ஹோமில் முதலில் செத்தவர்களில் கணிசமானவர்கள் பனிச்சறுக்கப் போனவர்கள் இல்லை, புறநகரில் ரிங்கேபி, டென்ஸ்டா பக்கம் நெருக்கமான வீடுகளில் இருந்த சோமாலியக் குடும்பத்தார். டாக்ஸியும் பஸ்ஸும் ஓட்டுகிறவர்கள் வீட்டிலிருந்து எப்படி வேலை பார்ப்பது?

வடகரையான்:

ரொம்ப நன்றி அக்கா, அந்த முதல் நாள் சம்பள விஷயம் எனக்குத் தெரியாது. அப்படியானால் ஊரடங்கு போட்டதா இல்லையா என்பதே தப்பான கேள்வியா?

பிராக் பஸ்:

முழுக்கத் தப்பில்லை, ஆனால் பாதிக்கதை. செக் நாட்டைப் பாருங்கள். 2020 மார்ச்சில் ஐரோப்பாவில் முதல் ஆளாக எல்லோரும் முகக்கவசம் போட வேண்டும் என்றார்கள், மக்கள் வீட்டுத் தையல் மெஷினில் தைத்துக் கொடுத்தார்கள், முதல் அலை வந்ததே தெரியவில்லை. ஜூன் 30 அன்று தலைநகர் பிராக்கில் சார்லஸ் பாலத்தின் மேல் நீள மேசை போட்டு, அவரவர் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து, கொரோனாவுக்கு விடைகொடுத்தார்கள். இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவிலேயே மோசமான நாடுகளில் ஒன்றாகிவிட்டது.

போர்ச்சுகல் அதற்கு நேர்மாறு. 2021 ஜனவரியில் லிஸ்பனில் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை, ஜெர்மனி ராணுவ டாக்டர்களை அனுப்பியது. பிறகு தடுப்பூசிப் பொறுப்பை கூவெயா இ மெலோ என்ற கடற்படை அதிகாரியிடம் கொடுத்தார்கள், இலையுதிர் காலத்துக்குள் 85 சதவீதத்தைத் தாண்டியது. அதே வருடம் பல்கேரியாவில் மூன்றில் ஒரு பங்குகூடப் போடவில்லை. தடுப்பூசி கையில் இருந்தது, அரசு சொல்வதை நம்பத்தான் ஆள் இல்லை. 2019க்கும் 2021க்கும் இடையில் அங்கே சராசரி ஆயுள் மூன்று வருடத்துக்கும் மேல் இறங்கிவிட்டது. ஐரோப்பா முழுக்க ஸ்வீடனைப் பற்றியே பேசுகிறோம், பல்கேரியத் தலைநகர் சோபியாவைப் பற்றி யாராவது பேசுகிறோமா?

கணக்குப்பிள்ளை:

இது முக்கியமான விஷயம். இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். நாடு நாடாக ஒப்பிடுவதே பல இடங்களில் ஏமாற்றும். இத்தாலியில் முதல் அலையில் வடக்கே லொம்பார்டி அழிந்தது, தெற்கே சிசிலி பெரும்பாலும் தப்பியது, நாடு தழுவிய ஊரடங்குச் சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். லொம்பார்டிக்குள்ளேயே கொடோனோ பக்கம் பத்து ஊர்களை பிப்ரவரி 23 அன்றே மூடினார்கள். அதே நாளில் பெர்கமோ பக்கத்து அல்சானோ ஆஸ்பத்திரியில் நோய் தெரிந்தது, சில மணி நேரம் அவசரப் பிரிவை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தார்கள், அல்சானோவையும் பக்கத்து ஊர் நெம்ப்ரோவையும் தனியாக மூடவே இல்லை. மார்ச் நடுவில் பெர்கமோ பேப்பரில் மரண அறிவிப்பு மட்டும் பத்துப் பக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அமைப்பான யூரோஸ்டாட் தளத்தில் வாராந்திர இறப்பு மாவட்ட அளவில் கிடைக்கிறது, மச்சானோடு உட்கார்ந்து பெர்கமோ, ஸ்டாக்ஹோம், மால்மோ மூன்றையும் ஒரே படத்தில் போட்டுப் பாருங்கள்.