குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அரசியல் சண்டை, தாய்மாமா பேச்சையே நிறுத்திட்டார், என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
வணக்கம், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. எங்க சொந்தக்காரங்க குரூப்ல 43 பேர் இருக்கோம், 2024 நாடாளுமன்ற தேர்தல் அப்போ ஆரம்பிச்ச கட்சி பேச்சு இன்னும் நிக்கல. போன மாசம் என் தாய்மாமா ஒரு பாலம் இடிஞ்சு கிடக்குற போட்டோ போட்டு "இதான் இவங்க ஆட்சி லட்சணம்"னு எழுதியிருந்தார். கூகுள் லென்ஸ்ல போட்டு பாத்தா அது வேற நாட்டு பாலம், பல வருஷத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ. நான் அந்த லிங்கை குரூப்லயே போட்டு "கட்சிக்கு முட்டு குடுக்க எதை வேணா நம்புவீங்களா மாமா, வயசுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கோங்க"னு எழுதிட்டேன். சின்ன பசங்க நாலஞ்சு பேர் சிரிக்கிற எமோஜி போட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே மாமா குரூப்ல இருந்து வெளிய போயிட்டார், போனும் எடுக்கல.

தை மாசம் தங்கச்சி கல்யாணம், சீர் கொண்டு வர வேண்டியவரே அவர்தான். அம்மா தினமும் அழுறாங்க. சின்ன வயசுல என்னை டிவிஎஸ் 50ல முன்னாடி நிக்க வச்சு ஸ்கூலுக்கு கூட்டிட்டு போன மனுஷன். ஆனா அந்த போட்டோ பொய்தானே, பொய்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருக்கணுமா? உண்மையவும் சொல்லணும், உறவும் போகக்கூடாதுனா எப்படித்தான் பேசுறது?

நொய்யல்:
நீங்க சொன்ன விஷயம் சரிங்க, சொன்ன இடமும் கடைசி வரியும்தான் தப்புங்க. மருமகளுக, சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாம் பாக்கற எடத்துல, தூக்கி வளத்த பையன் "வயசுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கோ"ங்கறான். அதுல போட்டோவ பத்தி ஒரு வார்த்தை கூட இல்லைங்க, முழுக்க அவர பத்தினது. எங்க பெரியப்பா இதே மாதிரி ஒண்ண போட்டப்ப நான் தனியா மெசேஜ் பண்ணி "இது எங்கிருந்து வந்துச்சுங்க பெரியப்பா, நான் தேடினப்ப பழைய போட்டோன்னு வருதுங்களே"ன்னு மட்டும் கேட்டேன். பத்து நிமிசத்துல அவரே அழிச்சுட்டாருங்க. போட்டவங்களே ரெண்டு நாளைக்குள்ள எல்லாருக்கும் சேத்து அழிக்கலாம், அந்த வாய்ப்ப அவருக்கு குடுத்திருக்கலாமுங்க.

கிரிவலப்பாதை:
தனியா சொல்றதை நான் பாதிதான் ஒத்துக்குவேன். எனக்கு போளூர் பக்கம். 2018 மே மாசம், குலதெய்வம் கோயிலுக்கு வந்த சென்னை குடும்பத்தை குழந்தை கடத்துறவங்கனு நினைச்சு ஊரே சேந்து அடிச்சு ஒரு வயசான அம்மா செத்துப்போனாங்க. வழியில நின்னு பிள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க, அவ்ளோதான். அதுக்கு முன்னாடி பல நாளா குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்ல சுத்திட்டு இருந்துச்சு, எங்க அம்மாவே பிள்ளைங்க மேல இருந்த பயத்துல நாலு பேருக்கு அனுப்பினாங்க. அன்னைக்கு யாராவது ஒருத்தர் குரூப்ல இது பொய்னு சொல்லியிருக்கக்கூடாதான்னு இன்னும் எனக்கு ஆறல. இந்தியா முழுக்க இப்படி பல சாவு நடந்த பிறகுதான் அந்த வருஷம் ஜூலைல ஃபார்வர்டை அஞ்சு பேருக்குனு குறைச்சாங்க, 2020ல பல கை மாறி ரெட்டை அம்பு போட்டு வர்ற மெசேஜை ஒரு தடவைக்கு ஒரு சேட்டுக்குத்தான் அனுப்ப முடியும்னு ஆக்கினாங்க.

அதனால தப்பான செய்தியை 43 பேரும் பாத்திருந்தா, திருத்தமும் அந்த 43 பேர் கண்ணுலயும் படணும். "இந்த போட்டோ பழசு, லிங்க் இதோ"னு ரெண்டே வரி போதும், அனுப்பினவர் பேரும் வேணாம், கட்சி பேரும் வேணாம். முதல்ல அவருக்கு போன் பண்ணி சொல்லுங்க, அவரா அழிக்கலைனா அதுக்கப்புறம் இதை போடுங்க.

பழைய தபால்காரர்:
தம்பி, எங்க ஊர் டீக்கடையில "இங்கு அரசியல் பேசாதீர்"னு போர்டு தொங்கும், அதுக்கு கீழதான் காலைல பேப்பரை ஆளுக்கொரு தாளா பிரிச்சு வச்சுக்கிட்டு முப்பது வருஷம் அரசியல் பேசியிருக்கோம். சண்டை வரும், ஆனா எதிர்ல இருக்கவன் மூஞ்சி வாடுனா தெரியும், அங்கனயே நிறுத்திக்குவோம். போன்ல அது தெரிய மாட்டேங்குது. இப்ப வாயத் திறந்தா உபி, சங்கி, அடிமை, தற்குறினு ஒரு முத்திரை ரெடியா வச்சிருக்காங்க, அதக் குத்திட்டா அந்த ஆளு சொல்றது எதுவும் காதுல ஏறாது. நீங்க எழுதுன "முட்டு"வும் அந்த ரகம்தான்.

1949ல பிரிஞ்சவங்க பெரியாரும் அண்ணாவும், 67 தேர்தல்ல பெரியார் காங்கிரசுக்குத்தான் பிரச்சாரம் பண்ணார், ஜெயிச்ச அண்ணா திருச்சிக்கு போய் அவரைப் பாத்துட்டு வந்தார். மாமாவுக்கு இதெல்லாம் உங்களைவிட நல்லா தெரிஞ்சிருக்கும். அவர் ஏன் அந்த கட்சில இருக்கார்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா தம்பி?

மல்லிப்பந்தல்:
நான் எங்க குடும்ப குரூப் அட்மின். ஒண்ணே ஒண்ணு சொல்றேன், எல்லார் முன்னாடியும்தானே அவரை தலைகுனிய வச்சீங்க, மன்னிப்பையும் அங்கேயே கேளுங்க. நேர்ல போய் கால்ல விழுந்துட்டு குரூப்ல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்தா அது சரியில்ல. சிரிச்ச பசங்ககிட்டயும் நீங்கதான் பேசணும்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து அம்மாவை கூட்டிட்டு மாமா வீட்டுக்கு போனேன். முதல் அரை மணி நேரம் மூஞ்சி குடுத்தே பேசல, அத்தைதான் காபி கொண்டு வந்தாங்க. "போட்டோ பொய்தான் மாமா, ஆனா நான் எழுதின வார்த்தை தப்பு"னு சொன்னேன். அப்புறம் தபால்காரர் ஐயா சொன்னதை கேட்டேன், ஏன் மாமா இந்த கட்சினு. எட்டு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போனது, இவங்க ஆட்சியில முதல் பஸ் ஊருக்குள்ள வந்தப்போ தாத்தா சூடம் காட்டினதுனு ஒரு மணி நேரம் சொன்னார். இத்தனை வருஷத்துல எனக்கு இது தெரியவே தெரியாது. நான் அந்த கட்சிக்கு ஓட்டு போட மாட்டேன், அதையும் அவர்கிட்ட சொன்னேன், "போடாட்டி போ"ன்னார். குரூப்ல மன்னிப்பு எழுதிட்டேன், பசங்க ரெண்டு பேர் அவருக்கு போன் பண்ணியிருக்காங்க. மாமா இன்னும் குரூப்ல திரும்ப சேரல, நானும் வற்புறுத்தல. ஞாயித்துக்கிழமை சீர் ஜவுளி எடுக்க எங்களையும் வரச் சொல்லியிருக்கார்.