மறு: ப்ராபபிள் பிரைமுக்குச் "சிக்கா எண்"

வணக்கம் அண்ணா,

நம் கணிதக் கலைச்சொல் பட்டியலில் பிரைமாலிட்டிக்கு, அதாவது ஓர் எண் பகா எண்ணாக இருக்கும் தன்மைக்கு, "பகாமை" என்று முடிவு செய்ததில் எனக்கு முழுச் சம்மதம். கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை என்று குறள் அதிகாரங்களிலேயே நமக்குப் பழகிய வடிவம் அது, பகாத்தன்மை என்று நீட்டத் தேவையில்லை. இலங்கைப் பாடநூல்களில் உள்ள "முதன்மை எண்"ணை நம் யாழ்ப்பாண நண்பர் கேட்டிருந்தார். அதைப் படித்து வந்தவர்களுக்கு அது நல்ல சொல்தான், ஆனால் அதை வைத்து "முதன்மைச் சோதனை" என்று அடுத்த சொல்லைக் கட்டினால் முக்கியமான சோதனை என்றுதான் காதில் விழும். பகாமைச் சோதனையில் அந்தக் குழப்பம் இல்லை.

> ப்ராபபிள் பிரைம் = நிகழ்தகவுப் பகா எண்

நீங்கள் முன்வைத்த இந்தச் சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ப்ராபபிள் பிரைம் என்பது ஒரு சோதனையில் பகா எண் போலத் தேறிவிட்ட, ஆனால் பகா எண்தான் என்று இன்னும் நிரூபிக்கப்படாத எண். 341ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 341 பகா எண்ணாக இருந்தால், 2இன் 340ஆம் அடுக்கை 341ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும். 2இன் 10ஆம் அடுக்கு 1024, மூன்று 341 போக மீதி 1. 340 பத்தின் மடங்கு, அதனால் 340ஆம் அடுக்குக்கும் மீதி 1தான். சோதனையில் தேறிவிட்டது. ஆனால் 341 என்பது 11 × 31, அப்பட்டமான பகு எண். 2க்குப் பதிலாக 3ஐ அடிமானமாக வைத்தால் மீதி 56 வந்து அகப்பட்டுக்கொள்கிறது. இந்த எண்ணுக்குள் நிகழ்தகவு எங்கே இருக்கிறது? சந்தேகம் நமக்கு, எண்ணுக்கு இல்லை. அந்தப் பெயரைப் படிக்கிற மாணவர், பாதி பகா எண், பாதி பகு எண் என்று ஏதோ ஒரு மூன்றாம் வகை இருக்கிறதென்று நினைத்துவிடுவார்.

போன சனிக்கிழமை உயர்நிலை ஒன்றில் படிக்கும் மகளோடு இங்கே சிங்கப்பூரில் பேருந்தில் தேக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் பக்கச் சுவரில் பெரிதாக 221 என்று இருந்தது. இங்கே கணிதம் முழுக்க ஆங்கிலத்தில்தான், வீட்டில் நாங்கள் பேசினால்தான் இந்த விஷயமெல்லாம் தமிழில் அவள் காதில் விழும், அதனால் இது பகா எண்ணா பார் என்றேன். 2, 3, 5, 7, 11 என்று விரல் மடக்கி வகுத்துப் பார்த்துவிட்டு, "எதுலயும் சிக்கலப்பா, பகா எண்தான்" என்றாள். 13ஐயும் பார்த்திருக்க வேண்டும், 13இன் வர்க்கம் 169, 221க்குள் அடங்குகிறதே. 13 × 17 = 221. கணக்கில் ஒரு படி முன்னாலேயே நிறுத்திவிட்டாள், ஆனால் எனக்குச் சொல் கிடைத்துவிட்டது.

அதனால் என் பரிந்துரை: சிக்கா எண். பகா எண் எப்படி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமோ இதுவும் அப்படியே. எதை வைத்துச் சோதித்தோம் என்பதையும் இயல்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்: 341 ஒரு "2க்குச் சிக்காப் பகு எண்", 3க்குச் சிக்கிவிடும். 561ஐப் பாருங்கள், அதன் காரணிகளான 3, 11, 17 மூன்றாலும் வகுபடாத எந்த அடிமானத்தை வைத்தாலும் ஃபெர்மா சோதனையில் அது சிக்காது, ஆனால் அதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையில் வெறும் 2க்கே சிக்கிவிடும். இந்த வாக்கியத்தை நிகழ்தகவை வைத்து எழுத முடியுமா அண்ணா?

பேச்சுவழக்குச் சொல் கலைச்சொல் ஆகலாமா என்று அக்கா கேட்பார். பகு எண்களைச் சலித்து நீக்கிப் பகா எண்களைக் கண்டெடுக்கும் முறையை எரடோஸ்தனீஸ் சல்லடை என்று தயங்காமல் எழுதுகிறோமே, சல்லடை அடுப்படியில் இருந்து வந்ததுதானே. மடங்கு, மீதி எல்லாமும் கடைத்தெருச் சொற்கள்தான்.

2002இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா கண்டுபிடித்த பகாமைச் சோதனை முறை ஐயத்துக்கே இடம் வைக்காது, அதற்கு இந்தச் சொல் பொருந்தாது. அங்கே "பகாமைச் சான்று" என்று வைத்துக்கொள்ளலாம்.

2047 (23 × 89) மில்லர்–ராபினிலும் 2க்குச் சிக்காது. அதைப் பற்றி உங்கள் சொல்லை வைத்து ஒரு பத்தி எழுதி அனுப்புங்கள், என் சொல்லை வைத்து நானும் எழுதுகிறேன், அக்கா இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.