ட்ரையல் ப்ளவுஸ் தப்பாக வந்தால்தான் பேட்டர்ன் சரியாகும்

பட்டுத்துணியில் கத்தரி வைக்கும் முன் காடாவில் (வெளுக்காத சாதா பருத்தித்துணி) ஒரு ட்ரையல் ப்ளவுஸ் தைத்துப் பாருங்கள். எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். முதல்முறையே ஒரு சுருக்கமும் இல்லையென்றால் பெரும்பாலும் அளவு லூஸ்.

காடாவை ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டவும். லைனிங்குக்கும் இதே வேலை உண்டு, பருத்தி சுருங்கும். தோளிலும் பக்கத்திலும் 1 இன்ச் தையலுக்கு விடுங்கள், கழுத்துக்கும் கைக்குழிக்கும் அரை இன்ச் போதும். தையல் நீளத்தை 4-க்கு ஏற்றி, வேறு கலர் நூலில் தைத்தால் பிரிப்பது சுலபம். நடுக்கோடு, மார்புக்கோடு, இடுப்புக்கோடு மூன்றையும் துணி மேலேயே பென்சிலால் போட்டுவிடுங்கள். போட்டுப் பார்க்கும்போது கோடு எங்கே சாய்கிறதோ அங்கேதான் கோளாறு. பட்டு ப்ளவுஸுக்கு எந்த உள்ளாடையோ அதையே ட்ரையலுக்கும் போடச் சொல்லுங்கள்.

—

மேலே சொன்னதோடு சுருக்கத்தின் திசையையும் பார்க்கணும். மார்பு முனையிலிருந்து கைக்குழிப் பக்கம் சாய்வாக ஓடினால் டாட் (மார்பு வடிவத்துக்காகப் பிடித்துத் தைக்கும் முக்கோண மடிப்பு) போதவில்லை. பக்கத்தில் பிரித்துவிட்டால் இடுப்புதான் லூஸாகும், சுருக்கம் அப்படியே இருக்கும். முன்பாகத்தின் பேட்டர்ன் பேப்பரை டாட் வழியே வெட்டி, விரித்து, டாட்டை அகலப்படுத்தணும். முதுகில் குறுக்கே இழுத்துப் பிடித்த மாதிரி சுருக்கம் விழுந்தால் முதுகு அகலம் பற்றவில்லை.

ரொம்பப் பேர் தவறாகப் புரிந்துகொள்வது கைக்குழியைத்தான். கையைத் தூக்கினால் ப்ளவுஸும் கூடவே ஏறுகிறது, உடனே "இறுக்கம்" என்று இன்னும் கீழே வெட்டிவிடுகிறார்கள். அதனால் இன்னும் மோசமாகும். குழி அக்குளைவிட்டு இறங்க இறங்க, கை பக்கத் தையலையும் சேர்த்து இழுக்கும். காடாவில் அக்குள் இடத்தில் ஒட்டுத்துணி வைத்து அரை இன்ச் ஏற்றுங்கள், கைத்துண்டின் அக்குள் முனையையும் அதே அளவு உயர்த்துங்கள். மறுபடி கை தூக்கச் சொன்னால் வித்தியாசம் அங்கேயே தெரியும்.

—

அளவு ப்ளவுஸை வைத்து வெட்டுகிறவர்களுக்கும் ட்ரையல் வேண்டும். பழைய ப்ளவுஸில் இருக்கிற கோளாறும் அப்படியே புதுசுக்கு வந்துவிடும். போட்டுப்போட்டு இழுபட்ட துணியின் அளவும் நிஜ அளவு கிடையாது.

காடா சொல்லாத விஷயமும் உண்டு. ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் எம்ப்ராய்டரி) கனம் சேர்க்கும், அகலக் கழுத்தென்றால் தோள் வழுக்கும். அதற்கு முதுகில் நாடா வைப்பதை முதலிலேயே முடிவு செய்யணும். திருத்திய பேட்டர்னைத் துணியில் வரைந்து, வெட்டாமலே ஆரி போடக் கொடுங்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, கழற்றியதும் கொஞ்சம் உள்வாங்கும். பேப்பரைத் திரும்ப மேலே வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

திருத்தம் எல்லாம் எழுதிய காடாவைத் தூக்கிப் போடாதீர்கள். தையலைப் பிரித்து, இஸ்திரி போட்டு, பிரவுன் பேப்பரில் வரைந்து, தேதியும் யாருடைய அளவு என்பதும் எழுதி வைக்கவும். உடம்பு மாறினால் அந்தப் பேப்பரிலிருந்தே அடுத்த ட்ரையல்.