2020 கொரோனா ஊரடங்கில் தனியாக இருக்கிறேன்: இது வெறும் சலிப்பா, கவனிக்க வேண்டிய ஒன்றா?

கேள்வி: நான்காம்மாடி

வணக்கம். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். இது ஆறாவது வாரம். வேலை போகவில்லை, நோய் வரவில்லை, வீட்டில் பொருள்களுக்கும் குறைவில்லை. அதனாலேயே இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

முதல் இரண்டு வாரங்கள் விடுமுறை போலத்தான் கழிந்தன. பிறகு தூங்கும் நேரம் மெல்ல நகர ஆரம்பித்தது: பன்னிரண்டு மணி இரண்டானது, இரண்டு நான்கானது. இப்போது விடிந்த பிறகு கண் அயர்ந்து, அலுவலகக் கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுந்து, கேமராவை அணைத்துவிட்டுப் படுக்கையிலிருந்தே பேசுகிறேன். நேற்று மாலை நான்கு மணிக்குக் குளியலறைக்குள் போனபோது பிரஷ் காய்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான், அன்று இன்னும் பல் துலக்கவில்லை என்பதே உறைத்தது. அம்மா அழைத்தால், மணி அடித்து ஓயும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘வேலையாக இருந்தேன், பிறகு பேசுகிறேன்’ என்று செய்தி அனுப்புகிறேன். அந்தப் ‘பிறகு’ வந்தபாடில்லை.

இது எல்லோருக்கும் இருக்கும் சலிப்புதானா, அல்லது யாரிடமாவது காட்ட வேண்டிய ஒன்றா? காட்ட வேண்டும் என்றால் யாரிடம், என்ன சொல்லித் தொடங்குவது? நேர்மறையாகச் சிந்தியுங்கள் என்ற அறிவுரையை வேண்டிய அளவு படித்துவிட்டேன். அதை மட்டும் தவிர்த்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1: இரவுப்பணி

வணக்கம். மனநலப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள். மருத்துவர் அல்லேன் என்பதை மனதில் கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தக் கூச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தனிமைப்படுத்தல் மனதை என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்த 24 ஆய்வுகளைத் தொகுத்து, 2020 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழ் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. பண இழப்பும் பொருள் தட்டுப்பாடும் நோய் குறித்த அச்சமும் மனதைப் பாதிக்கின்றன என்று சொல்லும் அதே பட்டியலில், சலிப்பும் அடைபட்டிருப்பதன் எரிச்சலும், இது எத்தனை நாள் நீளுகிறது என்பதும் இடம்பெற்றுள்ளன. ஆகவே, எதையும் இழக்காதவருக்கு வருந்த உரிமை இல்லை என்று நீங்களே உங்களுக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

சலிப்பா, மனச்சோர்வா என்று கேட்டீர்கள். பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து கிடந்ததா, தூக்கமும் பசியும் எப்படி இருந்தன என்று அது கேட்கும்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால், ஒரு மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ பேசிவிடுவது நல்லது. அது நோயை உறுதிசெய்யும் சோதனை அன்று; ஆனால் ‘என்னவோ போல இருக்கிறது’ என்பதை இன்னொருவர் புரிந்துகொள்ளும்படி சொல்ல உதவும். ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இல்லாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்றோ உங்களைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

தூக்கம் நகர்வதற்கு நீங்கள் சோம்பேறி என்பது காரணமன்று. பெரும்பாலானோருக்கு உடலின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது. காலை வெளிச்சம்தான் அதை நாள்தோறும் சரிசெய்து நிறுத்துகிறது. வெளியே போகாமல், திரைச்சீலையையும் இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தால் அது தள்ளிக்கொண்டே போகும். வீட்டுவிளக்குகளின் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), ஆனால் மேகமூட்டமில்லாத பகலில் வெளியே பத்தாயிரத்தைத் தாண்டும். ஆகவே எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரத்தை ஒன்றாக வைத்துக்கொண்டு, எழுந்தவுடன் அரைமணி நேரம் சன்னல் ஓரத்திலோ மொட்டைமாடியிலோ இருந்துவிடுங்கள். முதல் சில நாள்கள் கண் எரியும், கோபம் வரும். பகலில் மட்டும் படுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று: மனம் தெளிந்தபின் செய்யலாம் என்று எதையும் ஒத்திப்போட வேண்டாம். மனச்சோர்வில் வரிசை தலைகீழாகத்தான் வேலை செய்யும். கையும் காலும் முன்னே போனால் மனம் பின்னே வரும். பல் துலக்குவது உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும். செய்திகளையும் நாளுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை பார்த்தால் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனமே மார்ச் மாதம் சொல்லியிருக்கிறது.

மறுமொழி 2: பழையகுடை

யாரிடம், என்ன சொல்லித் தொடங்குவது என்ற கேள்விக்கு மட்டும் என் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனநல உதவி எண்ணை அழைத்தேன். முதல் இரண்டு முறை, மறுமுனையில் ‘வணக்கம்’ என்ற குரல் கேட்டவுடன் துண்டித்துவிட்டேன். மூன்றாவது முறை, என்ன பேசுவது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தேன்: ‘மூன்று வாரங்களாகச் சரியாகத் தூங்கவில்லை. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.’ மூன்றாவது வாக்கியத்தைப் படித்ததும் அந்த அம்மையார், ‘இப்போது தொடங்கிவிட்டீர்களே’ என்றார். பிறகு நேரடியாக, தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கேட்டார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள், அது உண்மையன்று. ஒருவர் தயங்காமல் கேட்டதாலேயே எனக்கு மூச்சு சீரானது.

1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு இப்படி ஒரு சேவையைத் தொடங்கினார். சிகிச்சை தருவதற்கு முன்பே, பொறுமையாகக் கேட்டாலே பலருக்கு ஆறுதல் கிடைக்கிறது என்பதை அங்கேதான் கண்டுகொண்டார்கள். ஆனால் அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. உதவி எண்ணில் மருந்து எழுதித் தரமாட்டார்கள். சில வேளைகளில் இணைப்பு கிடைக்காது. ஒருமுறை எனக்கு வாய்த்தவர் இருபது நிமிடம் உபதேசம் செய்தார், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படி நேர்ந்தால் வைத்துவிட்டு மறுநாள் அழையுங்கள். அன்றைக்கு வேறொருவர் எடுப்பார்.

உங்கள் அம்மாவுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ‘வேலை காரணமில்லை அம்மா, மனசு சரியில்லை. எனக்கு வழி சொல்ல வேண்டாம், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு மட்டும் இரு’ என்று எழுதிப் பாருங்கள். வழி சொல்ல வேண்டாம் என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உங்கள் மீது அன்புள்ளவர்கள் பதறிப்போய் ஆலோசனைகளாகக் கொட்டுவார்கள்.

மறுமொழி 3: ஏழுபேர்

மேலே எழுதியவை எல்லாம் பயனுள்ளவைதான். ஆனால் ஊரடங்கின் துன்பம் என்றாலே தனியாக இருப்பவரின் துன்பம் என்று எண்ணிவிடுகிறோம். எங்கள் வீட்டில் ஏழு பேர், அறைகள் இரண்டு. யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் ஆறு பேருக்கும் கேட்கும். குப்பைப்பையைக் கீழே கொண்டுபோகும் பத்து நிமிடங்களை நான் அதற்காக வைத்துக்கொண்டிருக்கிறேன். மாடிப்படியின் திருப்பத்தில் நின்று பேசுவேன். இப்போதெல்லாம் குப்பை கொண்டுபோக வேறு யாரையும் விடுவதில்லை. பேச முடியாதவர்களுக்குக் குறுஞ்செய்தி வழியே ஆலோசனை தரும் சேவைகளும் உண்டு.

வீட்டிலிருப்பவராலேயே அடியோ மிரட்டலோ வருமானால் இது வேறு கதை. ஊரடங்கில் குடும்ப வன்முறை பெருகியிருப்பதைச் சுட்டி, ஐ.நா. பொதுச்செயலாளரே ஏப்ரல் தொடக்கத்தில் அரசுகளுக்கு வேண்டுகோள் விடுத்தார். அப்படிப்பட்ட வீட்டிலிருப்பவர்கள் நம்பகமான ஒருவரிடம் ஒரு சாதாரணச் சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, அந்தச் சொல் வந்தால் உடனே உதவிக்கு ஆள் அனுப்பச் சொல்லலாம். அழைத்த எண்ணைக் கைபேசியிலிருந்து அழித்துவிடவும் மறக்க வேண்டாம்.

ஒரு சிறிய மறுப்பும் உண்டு. ‘சமூக விலகல்’ என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்தச் சொல்லே தவறு. உடலால் விலகியிருக்கத்தான் சொல்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் இப்போது அப்படித்தான் குறிப்பிடுகிறது.

கேள்வி கேட்டவர்: நான்காம்மாடி

அனைவருக்கும் நன்றி. ஐந்து நாள்கள் கழித்து எழுதுகிறேன்.

படிவத்தில் 13 வந்தது. ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம். அதை எழுதும்போது கை நடுங்கியது, ஆனால் அது உண்மையான விடைதான். ஏழு மணிக்கு எழுவது மூன்று நாள் நடந்தது, நேற்று நடக்கவில்லை. அம்மாவுக்கு அந்தச் செய்தியை எழுதி, இரண்டு மணி நேரம் அனுப்பாமல் வைத்திருந்து, பிறகு அனுப்பினேன். உடனே அழைத்தார்கள். ‘குரல் ஏன் இப்படி இருக்கிறது, சளி பிடித்திருக்கிறதா’ என்றார்கள். அதன்பின் வழி எதுவும் சொல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர்களோடு தண்ணீர்த் தொட்டியின் பொருட்டு நடந்துவரும் சண்டையை நாற்பது நிமிடம் சொன்னார்கள். நான் நடுவில் இருமுறை சிரித்தேன்.

வியாழக்கிழமை ஒரு மருத்துவருடன் காணொளி வழியே சந்திப்பு வைத்திருக்கிறேன். அதற்கு எதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரவுப்பணி அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 4: இரவுப்பணி

நல்லது. எப்போது தொடங்கியது, எந்த நாளில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எடை கூடியதா குறைந்ததா, முன்பு எப்போதாவது இப்படி இருந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்ததா என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும், மதுப் பழக்கம் இருந்தால் அதையும், அளவைக் குறைக்காமல் சொல்லுங்கள். தைராய்டு குறைபாடும் இரத்தச்சோகையும்கூட இப்படிச் சோர்வாக வெளிப்படக்கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனை தேவையா என்று நீங்களே கேட்டுவிடலாம். படிவத்தின் 13ஐ மட்டும் சொல்லாமல், அந்தக் காய்ந்த பிரஷ்ஷைப் பற்றியும் சொல்லுங்கள். காதில் ஹெட்போன் இருக்கட்டும்; அன்றைக்குக் கேமராவை அணைக்க வேண்டாம்.